நடிகர் சிரிப்பை நம்பி வாங்கிய ஷேர்

பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நான் ஒரு மாடும் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவன், விளம்பரத்தில் ஒரு நடிகர் பல்லைக் காட்டிச் சிரித்ததற்காக ஒரு பெயிண்ட் கம்பெனி ஷேரை வாங்கித் தொலைத்தேன். “பெரிய நடிகருங்க மாமா, கண்டிப்பா ஏறும்” என்று நச்சரித்து வாங்கவைத்தவன் என் மனைவியின் தம்பி. அந்த நடிகருக்கு விவாகரத்து என்று செய்தி வந்த அன்று காலையிலேயே ஷேர் விழுந்தது. தென்னந்தோப்பில் நின்றபடி போனில் அவனைக் கண்டபடி திட்டினேன்.

“அந்தாளு ஊட்டுச் சண்டைக்கும் பெயிண்டுக்கும் என்னடா சம்பந்தம்?”

அவன் நிதானமாகக் கேட்டான். “அவரு சிரிச்சதுக்கும் பெயிண்டுக்கும் மட்டும் என்னங்க மாமா சம்பந்தம்?”

போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு கேள்விக்காகவே இன்றுவரை அவனோடு பேச்சில்லை.