பதினான்காம் நம்பர் ஸ்பனர்

யோகன் போய்விட்டான்.

விடியக்காலையில் அவனுடைய மகள் கோல் எடுத்தாள். "மாமா, அப்பா..." என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. நித்திரையிலேயே முடிந்துவிட்டதாம்...

போன கிழமைதான் என்னோடு தேத்தண்ணி குடித்துவிட்டு, காசையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனவன். இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது!

இதை வாசிக்கிற பலருக்கு அவனைத் தெரியாது. சண்டைக் காலத்தில் களுவாஞ்சிக்குடியில் ஒரு வேர்க்ஷொப்பில் நானும் அவனும் ஒன்றாக வேலை செய்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. தண்ணீர்ப் பம்ப், லேண்ட் மாஸ்டர் உழவு மெசின், மில் எஞ்சின் என்று எது வந்தாலும் பிரித்துப் போடுவோம்.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றே ஒன்றுதான். ஸ்பனர்.

என்னுடையது ஜேர்மன் செட். கட்டாரிலிருந்து அத்தான் கொண்டுவந்து தந்தது. நட்டில் வைத்தால் கவ்விப் பிடிக்கும், வழுக்காது. ஒவ்வொரு நாளும் துடைத்து எண்ணெய் பூசி வைப்பேன். பெருமைதான், ஏன் மறைக்கவேண்டும்?

அவனுடையது சந்தையில் சாக்கு விரித்து விற்கிற மலிவுச் சாமான். இரண்டு மாதத்தில் வாய் விரிந்துவிடும். நட்டின் மூலையெல்லாம் தேய்ந்துபோன பிறகு என்னிடம்தான் ஓடி வருவான்.

"டேய், நட்டக் கழட்டச் சொன்னா உரிச்சு வச்சிருக்காய்! நல்லதா ஒண்டு வாங்கன்டா" என்று கத்துவேன்.

"உன்டது துலைஞ்சா நீ மூணு நாள் சோறு தின்னமாட்டாய். என்டது துலைஞ்சா அடுத்த சந்தையில வேற எடுப்பன். ஆருக்கு லாபம், சொல்லு?"

ஒருநாள் வாவிக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரையிலிருந்து ஆள் வந்தது. வட்டை வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்றுவிட்டது, பயிர் காய்கிறது, உடனே வாருங்கள் என்று.

வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில், இந்தப் பக்கம் ஆமியின் கையில் இருந்த நேரம். துறையடி செக்பொயின்ட்டில் நாங்கள் கொண்டுபோகிற சாமானை எண்ணி ஒரு கடதாசித் துண்டில் எழுதுவார்கள். திரும்பி வரும்போது அதே கணக்கு இருக்கவேண்டும். ஒன்று குறைந்தால், அக்கரையில் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தோம் என்று அர்த்தம். அப்படி விசாரிக்கக் கூட்டிப்போன ஒருவன் அதுவரைக்கும் வீடு வந்து சேரவில்லை.

ஸ்பனர் 11 என்று எழுதினார்கள். என்னுடையது ஆறு, அவனுடையது ஐந்து. எழுதின சிப்பாய் என் பதினான்காம் நம்பர் ஸ்பனரைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தான். "ஜேர்மன்?" என்று சிரித்தான். நான் அவசரமாக அதை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

பம்பை ஒருவழியாகச் சரிக்கட்டினோம். நடுவில் யோகனுடைய ஸ்பனர் ஒன்று சடக்கென்று இரண்டாக முறிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரி, சிரி. வெல்டிங் வச்சுப் பாவிப்பன்" என்று இரண்டு துண்டையும் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

வாவியைக் கடக்கிற மிதவையைப் பாதை என்போம்; அன்றைய கடைசிப் பாதையில், ஆட்களும் சைக்கிளுமாக நெருக்கிக்கொண்டு ஏறினோம். பாதி வாவி தாண்டியதும் எனக்கு செக்பொயின்ட்டில் கணக்கு எழுதின கடதாசி நினைவு வந்தது.

"மச்சான்... என்ட பதினாலு சேத்துக்குள்ள விழுந்திட்டுடா."

யோகன் என்னைத் திட்டவில்லை. பைக்குள்ளிருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்தான். இரண்டு பக்கமும் வாய் உள்ள ஸ்பனர் அது, அதனால் துண்டுக்கொரு வாய் இருந்தது. முறிந்த இடத்தில் கிறீஸை அப்பி, மற்றச் சாமானோடு கலந்துவிட்டான்.

செக்பொயின்ட்டில் எண்ணினார்கள். ஒன்பது... பத்து... அந்தச் சிப்பாய் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டான்.

யோகன் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னான், "மலிவுச் சாமான் சேர், அரைவாசிதான் தருவானுகள்."

சிப்பாய் சிரித்துவிட்டான். பதினொன்று. போகச் சொன்னார்கள்.

றோட்டு வளைவு தாண்டியதும் யோகன் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குந்தி இருந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். அவனுக்கு அப்போது மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

இனி நான் ஒருத்தருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன்.

அந்தப் பதினான்கு சேற்றில் விழவில்லை. சிப்பாய் பறித்துவிடுவான் என்ற பயத்தில், பம்ப்காரர் வீட்டு அக்காவிடம் கொடுத்து அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். செக்பொயின்ட்டில் எண்ணி எழுதியதை அறவே மறந்துவிட்டேன். ஒரு இரும்புத் துண்டில் அவ்வளவு ஆசை எனக்கு.

பாதையில் வைத்தே உண்மையைச் சொல்லியிருந்தால், தோணிக்காரர் யாரையாவது கெஞ்சித் திரும்பிப் போயிருக்கலாம். வெட்கத்தில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவன் அந்தச் சிப்பாய்க்கு முன்னால் நின்றான்.

அடுத்த போகத்தில் போய் எடுத்துவந்து, அவன் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். ஆனால் ஒருநாள் லேண்ட் மாஸ்டருக்குக் கீழே படுத்துக்கொண்டு அவன் கையை நீட்டினான். "பதினாலு தா."

வேலை மும்முரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன்...

கீழே கிடந்தபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நட்டை இறுக்கினான். வெளியே வந்து, என் துணியாலேயே அதைத் துடைத்துத் திருப்பித் தந்தான்.

"நல்ல சாமான்டா இது" என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். நான் இப்போதே வெளிக்கிடுகிறேன்.

யோகா... அது விழல்லடா. நான்தான் வச்சிட்டு வந்தன்.

போயித்து வா மச்சான்.