கம்பியோடு வந்த நாய்

எங்கள் வீட்டுக்குப் பூனை வந்ததற்குக் கதை என்று ஒன்றுமில்லை. என் கணவருக்குக் கெலிஓயாவில் பலசரக்குக் கடை. வீட்டின் பின்னறையில் அரிசி மூட்டைகளை அடுக்கி வைப்போம். அரிசிக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. மழை பெய்த ஒரு பின்னேரம் குசினி ஜன்னலால் அடுப்படிக்குள் நுழைந்தவள், கொஞ்ச நாளிலேயே என் அலுமாரிக்குள், பாடசாலைக்கு உடுத்துப் போகிற சேலைகளின் மேல் குட்டி போட்டாள். யாரும் அவளை விரட்டவில்லை. இவர் தொழும்போது பாயில் வந்து படுத்துக்கொள்வாள். சுஜூதுக்குக் குனிகிறவர் அவளுடைய வாலை மெல்ல ஒதுக்கிவிட்டு நெற்றியை வைப்பார்.

நாய் வந்தது அப்படியல்ல. வீட்டுக்குப் பின்னால் தேயிலை மேடு. அங்கிருந்துதான் அவள் இறங்கி வந்தாள். செம்மண் நிறம், விலா எலும்பு தெரிகிற உடம்பு. கழுத்தில் ஒரு கம்பி. காட்டுப் பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டி, எப்படியோ அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கம்பி சதைக்குள் இறங்கி, புண்ணில் ஈ மொய்த்தது. நான் பின்கதவைத் திறந்ததும் தேயிலைக்குள் ஓடி மறைந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் பேராதனைப் பக்கம் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். சொன்னதும் வலையோடு வந்தார். வலையைக் கண்ட நாய் மேட்டின் உச்சிக்கே ஓடிவிட்டது.

"நீங்கள் பிடிக்கப் போகாதேங்கோ," என்றார் வைத்தியர். "சாப்பாட்டை வைச்சுப் போட்டு சும்மா இருங்கோ. தானாக் கிட்ட வந்து நிண்டால்தான் அந்தக் கம்பியை வெட்டலாம்."

யார் சும்மா இருப்பது? எனக்குப் பாடசாலை. இவரோ சின்ன வயதில் நாய் துரத்தி ஆற்றில் விழுந்தவர். இன்றைக்கும் தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த பக்கம் மாறிப் போவார். ஆனால் மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, பழைய அலுமினியத் தட்டில் மீன் தலையும் சோறும் பிசைந்து பலா மரத்தடியில் கொண்டுபோய் வைத்தது இவர்தான். வைத்துவிட்டுக் குசினிப் படியில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார்.

எங்களோடு இருக்கிற மாமிக்கு, அதாவது இவருடைய உம்மாவுக்கு, அது பிடிக்கவில்லை. நாயின் ஈரம் பட்டால் அசுத்தம் என்பது எங்கள் மார்க்கச் சட்டம்.

"நாயத் தொட்டா ஏழு தரம் கழுவோணும், ஒரு தரம் மண்ணும் போட்டு. தெரியுந்தானே மகன்?"

"தெரியும் உம்மா. கழுவினாப் போச்சு. நம்மட ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்?"

தட்டு ஒவ்வொரு நாளும் படிக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது. நாயும் வந்தது. அந்த நாட்களில் நான் வகுப்பில் வீட்டு விலங்குகளைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மனிதர் வீசிய எலும்புக்காக ஓநாய்கள் நெருப்புக்குக் கிட்டக் கிட்ட வந்து, தலைமுறை தலைமுறையாகப் பயம் தெளிந்து நாயாகின என்றேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அப்ப அந்த மனுசருக்குப் பயம் இருக்கல்லையா?" என்று கேட்டாள். இருந்திருக்கும் என்றேன். பின்னேரம் வீட்டில், நாய் கிட்ட வர வர இவர் கால்களை மேல்படிக்கு இழுத்துக்கொள்வதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் படியடிக்கே வந்து சாப்பிட்டாள். இவர் கம்பி வெட்டுகிற குறடு ஒன்றை, உடுத்திருந்த சாரத்தின் மடிப்பிலிருந்து எடுத்தார். மற்றக் கையை அவள் முதுகில் வைத்தார். அவள் உறுமினாள்.

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல மகள்," என்றார். எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பேசுகிற குரல்.

முதல் நெரிப்பில் கம்பி வெட்டுப்படவில்லை. நாய் வெடுக்கென்று திரும்பி இவருடைய மணிக்கட்டைக் கவ்வியது. நான் கத்தப் போனேன். இவர் அசையவில்லை. அவளும் பல்லை இறுக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் வாயை விட்டாள். இவர் மறுபடியும் நெரித்தார். கம்பி அறுந்து தொங்க, அவள் மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

மாமி வாளியில் தண்ணீரும் ஒரு பிடி மண்ணும் ஆயத்தமாக வைத்திருந்தார். "கைய நீட்டு," என்று அவரே ஊற்றிக் கழுவினார். கழுவும்போது அழுதார்.

தோல் லேசாகக் கீறியிருந்ததால் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாருடைய நாய் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டாள். தெரு நாய் என்று சொல்லுவார் என்றுதான் நான் நினைத்தேன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "அபே" என்றார். எங்களுடையது.

அதன் பிறகு சில நாட்கள் அவள் வரவேயில்லை. இவர் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போலப் பத்திரிகையோடு உட்கார்ந்தார். "வரல்லையா?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மழைநாள் வந்தாள். கழுத்தில் கம்பி இல்லை. நனைந்தபடி நேராகப் படியடிக்கு வந்து சுருண்டு படுத்தாள். வைத்தியர் வந்து புண்ணைக் கழுவி மருந்து போட்டபோது, இவருடைய பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்குப் பின்முற்றத்தில் தகரக் கூரையோடு ஒரு கூடு உண்டு. வீட்டுக்குள் வருவதில்லை, வரவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை போலும். பூனை வெளியே போய் அவள் தட்டில் முதலில் வாய் வைக்கும். அவள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்தப் புள்ளைக்கு வேறயா வைங்க, பூன எல்லாத்தையும் திண்டுட்டு," என்று மாமி சத்தம் போடுவார்.

இவ்வளவுக்கும் சோறு ஆக்கிக் கொடுத்தவள் நான். என்னை மட்டும் அவள் வெகுகாலம் தொடவிடவில்லை. கையை நீட்டினால் ஓர் அடி பின்வாங்குவாள். போன நோன்பு மாதம், நான் களைத்துப்போய்க் குசினிப் படியில் சாய்ந்திருந்த ஒரு பின்னேரம், தானாக வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு முழுப் பாரத்தையும் என் முழங்காலில் சாய்த்தாள். காதுக்குக் கீழே தடவினேன். அங்கே மயிர் பஞ்சுபோல இருந்தது.