ஒன்பது கோல் ஆர்வோ

சனிக்கிழமை காலை ஒன்பது அடித்து ஐந்து நிமிடத்துக்கெல்லாம் ஆர்வோ ஹெய்க்கினென் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றுவிடுவார். இடது காதில் தொலைபேசி. வலது கையில் தட்டில் ஊற்றி ஆற்றிய காப்பி. முன்பற்கள் மூன்று போன இடத்தில் ஒரு சர்க்கரைக் கட்டியை இடுக்கி, அதன் வழியாகக் காப்பியை உறிஞ்சுவார். "எனக்கு முன்னாடி ரெண்டு பேருதான்," என்று மேசையைப் பார்த்துச் சொல்வார். மேசையில் அவர் மனைவி ஓரீஸ்யாவும், அவள் சுடும் ஏலக்காய் ரொட்டிக்காகவே சனிக்கிழமைகளில் அங்கே போய்விடும் பக்கத்து வீட்டுக்காரனான நானும் உட்கார்ந்திருப்போம்.

உள்ளூர் வானொலியில் டாரில் மக்காலே நடத்தும் 'லூன்ஸ் நேரம்' அது. லூன்ஸ் எங்கள் போர்ட் மெல்வினின் ஐஸ் ஹாக்கி அணி; ஏரியில் கத்தும் பறவையின் பெயர். இந்தக் குளிர்காலத்தோடு அணிக்கு அறுபது வயது. அதையொட்டி டாரில் ஒரு விவாதத்தைக் கிளப்பிவிட்டார்: அணியின் வரலாற்றில் உரிய பெயர் கிடைக்காமல் போன தடுப்பாட்டக்காரர்கள் யார் யார்? நேயர்கள் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆர்வோவுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று.

"இன்னைக்கு எல்மர் மிச்சானோ," என்பார் இணைப்பு கிடைத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல். "எழுபத்தொண்ணுலேருந்து எழுபத்தாறு வரைக்கும் ஆடினான். அவன் தள்ளிவிட்ட வட்டு மத்தவன் மட்டையில பூ மாதிரி வந்து உக்காரும். கோல் போட்டவனுக்குச் சிலை வெச்சீங்க. எல்மருக்கு ஒரு ஸ்டூலாவது போட்டீங்களா?"

"ஐயா, வாரத்துக்கு ஒரு பேருதான்."

"தெரியும். அப்ப லூசியன் தெரியோவை அரைப் பேரா வெச்சுக்கோ."

தன் பெயரை மட்டும் அவர் சொன்னதில்லை. எழுபத்துநாலிலிருந்து எண்பத்தைந்து வரை பதினொரு பருவம், அறுநூற்று நாற்பது ஆட்டம், ஒன்பது கோல். ஊரில் அவர் பெயரே ஒன்பது கோல் ஆர்வோ. "அதுல ரெண்டு நம்ம வலைக்குள்ளயே அடிச்சது," என்று அவரே சேர்த்துக்கொள்வார். யாராவது விடாமல் கேட்டால், "டிஃபென்ஸ்காரன் பேரு பேப்பர்ல வந்தா ஏதோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம். எனக்கு நாலு தடவை வந்துச்சு. நாலும் எனக்கு மனப்பாடம்."

எழுபத்தொரு வயது. மூக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கும். வலது கைச் சுண்டுவிரல் நிமிராது. தேநீர்க் கோப்பை பிடிக்கும்போது பெரிய மனிதர் வீட்டு விருந்தாளி மாதிரி அது தனியாக வளைந்து நிற்கும். நடைபாதையில் யாரோடு போனாலும் சாலை ஓரத்தை அவர்தான் எடுத்துக்கொள்வார். அரங்கில் நடு வரிசைச் சீட்டு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று, நம் வலைக்குப் பின்னால் மூலையில்தான் போய் உட்காருவார். நாலாயிரம் பேரும் கறுப்பு வட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வட்டு இல்லாத ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வட்டுக்கு எங்க போறோம்னு தெரியாது. ஆளுக்குத் தெரியும். ஆளைப் பாருடா தபால்காரா!" என்று என் முழங்கையை இடிப்பார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை எனக்கு. இருபது வருடப் பழக்கத்தில் என் பெயரை அவர் வாயால் நான் கேட்டது மூன்று தடவை இருக்கலாம்.

ஆட்டத்தை விட்ட பிறகு இருபத்தாறு வருடம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டினார். அந்த வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டே போகும். ஒதுக்கிய பனியை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு கரையாகக் குவித்துவிட்டும் போகும். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆர்வோ மட்டும் ஒவ்வொரு வாசலுக்கும் தகட்டைத் தூக்கி, தாண்டி, இறக்குவார். அதனால் தினமும் முக்கால் மணி நேரம் தாமதம், மேலாளரிடம் திட்டு. "என்ன பண்றது, கோல் வாசலைத் திறந்து வெக்கிறதுதான் எனக்குக் கைவந்த கலை!" என்பாராம் அவரிடம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. லூசியன் தெரியோவைப் பற்றி ஆர்வோ பேசி முடித்ததும் டாரில் குறும்பாக ஒரு கேள்வி போட்டார். "அந்த லூசியனுக்கு ஒன்பது வருஷம் ஜோடியா ஆடினது யாருங்க ஐயா?"

பதில் ஊருக்கே தெரியும். ஆர்வோ வாயாலேயே ஆர்வோ பெயரைச் சொல்ல வைக்க டாரில் போட்ட தூண்டில். ஆர்வோ சற்று யோசித்தார்.

"மைனஸ் இருபத்திரெண்டு," என்றார், அன்றைய குளிரைச் சொல்வது போல. "காத்து வேற."

முதலில் டாரில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சரிங்க ஐயா, உடம்பைப் பாத்துக்கோங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார். ஓரீஸ்யா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. லூசியனை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தலையில் வாங்கிய அடிகள் முப்பது வருடம் பொறுத்து வந்து பழிவாங்கின. செருப்பைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்; மகளை நர்ஸ் என்று கூப்பிட்டார்; கடைசியாக ஆர்வோ பார்க்கப் போனபோது, "நீ எந்த டீம்டா?" என்று கேட்டார்.

இப்போது ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அடுப்பில் கெட்டில் அலறிக்கொண்டே இருக்க, ஆர்வோ பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார், அடி கருகிவிட்டது. பேத்தி தொலைபேசியில் பரீட்சை என்று சொல்ல, இவர் படகைப் பற்றி ஏதோ பதில் சொல்லியிருக்கிறார். வானொலிக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். டிசம்பர் முதல் வாரம் என் வீட்டுக் கதவைத் தட்டி, கார் சாவியை என் கையில் வைத்தார். "இது உன்கிட்ட இருக்கட்டும்," என்றார். ஐம்பது வருடம் பனியில் வண்டி ஓட்டிய மனிதர்.

ஓரீஸ்யா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே கடை விளம்பரத் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் ஆர்வோவின் கோணல் எழுத்தில் பெயர்கள், இரண்டிரண்டாக. லூன்ஸ் அணியின் முதல் வருடத்திலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் தடுப்பாட்ட ஜோடிகள். தினமும் விடியற்காலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்க்காமல் எழுதித் தன்னைத்தானே பரீட்சை செய்துகொண்டிருக்கிறார்.

"அவன் குப்பையில போடுவான். நான் எடுத்து பழைய ஆட்டப் புஸ்தகங்களை வெச்சுத் திருத்துவேன்," என்றாள். "ஒரு பேருகூடத் தப்பில்ல தம்பி. அதுதான் எனக்குப் புரியல. எல்லாம் ஞாபகம் இருக்கிறவனுக்கு அன்னைக்கு ரேடியோவுல எப்படி அவன் பேரு மட்டும் மறந்துபோச்சு?"

ஜனவரியில் மூன்று மணி நேரத் தூரத்து நகரத்து மருத்துவமனையில் நாள் கிடைத்தது. நான்தான் அவர் காரை ஓட்டினேன், ஓரீஸ்யா பின் சீட்டில். வழியெல்லாம் ஆர்வோ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும் நான் வெளி நாற்காலியில் உட்காரப் போனேன். அவர் என் கோட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். பிடி வலித்தது.

முகமூடி போட்ட இளம் பெண் டாக்டர். கணினியைப் பார்த்தபடி மெல்லிய குரலில், "ஐந்து வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. கை, வண்டி, ரோஜா, கதவு, சிவப்பு," என்றார்.

ஆர்வோ கண்ணை மூடிக்கொண்டார். "பை, நண்டு, ராஜா, கனவு, சிரிப்பு."

ஓரீஸ்யா என் பக்கம் திரும்பவில்லை. அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். தேதி, மாதம் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். கூட்டல் கழித்தல். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. பத்து நிமிடம் கழித்து, "முதல்ல சொன்ன ஐந்து வார்த்தை ஞாபகம் இருக்கா?" என்று இந்தத் தடவை எழுதியே காட்டினார்.

"இருக்கே," என்றார் ஆர்வோ. "பை, நண்டு, ராஜா, கனவு, சிரிப்பு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை அவருக்கு எதிரே நகர்த்தி, உரக்க, வாயை நன்றாகத் திறந்து வேறு ஐந்து வார்த்தைகளைச் சொன்னார். ஐந்தும் பிசகாமல் திரும்பி வந்தன. எழுந்து அவர் முதுகுப் பக்கம் போய் நின்று, "உங்க பேரு என்ன?" என்றார். ஆர்வோ சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அன்று பிற்பகல் முழுக்கச் சோதனைகள். காதில் மாட்டி, மணி அடித்து, தலையைப் படம் பிடித்து. நாலு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். "வலது காது கிட்டத்தட்டப் போயிடுச்சு, இடது பாதிதான் இருக்கு," என்று டாக்டர் எழுதியும் காட்டினார், சொல்லியும் காட்டினார். "அந்தப் பனி வண்டிச் சத்தமா இருக்கலாம். ஞாபகசக்தி உங்க வயசுக்கு ரொம்ப நல்லாவே இருக்கு. பின்னாடி என்ன ஆகும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது; வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்க. இப்போதைக்கு உங்க கோளாறு காதுலதான்."

வண்டி நிறுத்துமிடத்தில் உறைபனிக் காற்று முகத்தை அறுத்தது. ஓரீஸ்யா அங்கேயே நின்று தன் தங்கைக்குத் தொலைபேசி போட்டாள். "செவிடுடீ!" என்று கத்தினாள். "வெறும் செவிடு! மண்டை நல்லா இருக்கு, காதுதான் அவுட்டு!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அது கன்னத்தில் உறைவதற்குள் கையுறையால் துடைத்துக்கொண்டாள். இரண்டு வண்டி தள்ளி நின்ற ஒருவர், மனைவிக்கு என்ன அப்படி ஒரு சந்தோஷம் என்று ஆர்வோவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டார் ஆர்வோ.

"நீங்க செவிடாம்!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

"அப்பாடா," என்றார். காரின் கூரைமேல் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் குனிந்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். நிமிர்ந்தபோது கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். வழியில் லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் கடையில் நிறுத்தி, மூன்று பேருக்கு ஆறு துண்டு ராஸ்பெரிப் பணியாரம் வாங்கினார், நாலு அவருக்கு.

காதுக் கருவிகள் வர மூன்று வாரம் ஆயிற்று. உள்ளூரில் அதைப் பொருத்திய பெண், மேல் பொத்தானை அழுத்தினால் சத்தம் கூடும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் குறையும் என்று எங்கள் மூவருக்கும் செய்து காட்டினாள். முதல் இரண்டு நாள் அவருக்கு எல்லாமே புகார். "இந்த வீட்டுத் தரை இவ்வளவு நாளா இப்படியா கத்திட்டிருந்துச்சு?" ஓரீஸ்யா சூப் குடிக்கும் சத்தத்தைப் பற்றியும் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு வேளை சூப்பை இழந்தார்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி சுவரில் சாய்ந்து நின்றார். டாரில் கேட்டதற்கெல்லாம் நேரான பதில் சொன்னார். அறுபதுகளில் ஆடிய விக் ஸ்டான்ச்சக் என்பவருக்காகப் பத்து நிமிடம் வாதாடிவிட்டு, திருப்தியாக வந்து மேசையில் உட்கார்ந்தார். ஓரீஸ்யா துணி மடிக்க வேண்டும் என்று மாடிக்குப் போயிருந்தாள். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"அடுத்த நேயர், சொல்லுங்கம்மா," என்றார் டாரில்.

"இந்த வீட்டுல இதைப் பத்தி ஒரு ஆளுதான் பேசிட்டிருக்கான். இன்னைக்கு நான் பேசுறேன்," என்றது வானொலி. ஓரீஸ்யாவின் குரல். ஆர்வோ மாடிப்படியைப் பார்த்தார், வானொலியைப் பார்த்தார்.

"எண்பத்தொண்ணு ஃபைனல். அரங்கத்து வாசல்ல பெருசா மாட்டியிருக்கீங்களே, கோல்கீப்பர் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிற படம். அதுல இடது மூலையில தரையோட தரையா ஒரு முழங்கால் தெரியும். பாத்திருக்கியா தம்பி?"

"பாத்திருக்கேம்மா. யாருன்னு தெரியாது."

"அது என் புருஷனோட முழங்கால். கடைசி நிமிஷத்துல மூணு அடியை வரிசையா விழுந்து படுத்து மறிச்சான். பாதத்துல ரெண்டு எலும்பு போச்சு. ஸ்கேட் பூட்ஸை அறுத்துத்தான் கழட்டினாங்க, நான் பக்கத்துல நின்னேன். மறுநாள் பேப்பர்ல அவன் பேரைத் தவிர எல்லார் பேரும் வந்துச்சு. லூசியனோட ஜோடி யாருன்னு அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டியே, அதுக்குப் பதில் ஆர்வோ ஹெய்க்கினென். எழுதிக்கோ."

"எழுதிட்டேம்மா," என்றார் டாரில். "உங்களுக்குப் பின்னாடி ஏழு பேரு வரிசையில இருக்காங்க. இப்பதான் என் போன்ல விளக்கெல்லாம் எரியுது. முதல் ஆளு, சொல்லுங்க."

"நான் பைன் தெருவுலேருந்து பேசுறேன்," என்றது கரகரத்த ஒரு குரல். "அதே ஆளைப் பத்தித்தான். அவரு ஆடினதை நான் பாத்ததில்ல. ஆனா பத்து வருஷம் என் வாசல்ல பனி மண்வெட்டியைத் தொடவேயில்ல…"

ஆர்வோவின் கழுத்தும் காதும் சிவந்துவிட்டன. "பைத்தியக்காரி," என்று ரொட்டியைப் பார்த்துச் சொன்னார். கை மெதுவாக இடது காதுக்குப் போயிற்று. கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பெரிய விரல் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவித் தேடியது. மேல் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினார். என்னைப் பார்க்காமல், இன்னொரு தடவையும் அழுத்தினார்.