உஷ் அக்காவின் ஆந்தை

என் நாத்தனாருக்கு அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் வைத்திருக்கும் பெயர் உஷ் அக்கா. பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினாலே போதும், கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை வரும், பின்னாலேயே அந்த உஷ் வரும். அப்படிப்பட்டவள் வாசிப்பு அறையில் சனிக்கிழமைதோறும் விளையாட்டு வைக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் டேப்லட்டில் சொல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒரு கல்லூரிப் பெண்ணோடு கார் ரேஸில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுவரில் பெரிய திரை, அதில் ஒரு ஆந்தை தூங்கியது. அறையில் வைத்திருந்த மைக்கில் சத்தம் ஏறினால் அது ஒரு கண்ணைத் திறக்கும். இன்னும் ஏறினால் இரண்டையும் திறக்கும். உடனே நாத்தனார் அறையை ஒரு சுற்றுப் பார்த்து, எந்த மேசையில் வாய் அசைகிறதோ அதன் ஆட்டத்தை நிறுத்திவிடுவாள்.

எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் ஆந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏன் என்று என் மண்டை குடைந்தது. அன்று மாலை அவள் வீட்டுச் சமையலறையில் குக்கர் விசிலடித்து ஓய்ந்தும் அவள் திரும்பாததைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. முன்னால் போய் நின்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமாக் கேக்கறதில்ல. உதட்டைப் பாத்துதான் சமாளிக்கறேன். ஆபீஸுக்குத் தெரிஞ்சா கிடங்குல உக்கார வச்சு லேபிள் ஒட்டச் சொல்லிடுவாங்க. மனுஷ முகத்தையே பாக்க முடியாது. உன் புருஷன்கிட்டகூட மூச்சு விடாதே."

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது உறவு முழுக்கத் தெரிந்த விஷயம். இதை மட்டும் காப்பாற்றினேன்.

விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை மேலதிகாரி வந்தார். நானும் போயிருந்தேன். அன்று பார்த்து ஆந்தையை ஓட்டும் கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஆந்தை அசையாமல் தூங்கியது. கண்டக்டரின் கார் கவிழ்ந்தது, அவர் கத்தினார், பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். இரைச்சல் காதைப் பிளந்தது.

"பாத்தீங்களா சார், எவ்வளவு அமைதி," என்றாள் நாத்தனார் பெருமையாக.

அறை கப்சிப் ஆனது.

கண்டக்டர் எழுந்து வந்தார். நூலகப் பழக்கம், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"கையை எடுங்க," என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

"ஆந்தை நின்னுபோச்சும்மா," என்றார் அவர், கடைசி சீட்டு வரை கேட்கும் குரலில்.

அவள் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "எனக்குக் காது கேக்காது சார். அதுக்குத்தான் ஆந்தை."

அவர் அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னார்.

"இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க."

திரும்பினார். "இதை யாரு சரிபண்ணுவாங்கன்னு கேட்டேன்."

"நான்தான்."

"அப்ப பண்ணுங்க. அடுத்த சனிக்கிழமையும் நீங்கதானே நடத்தணும்," என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பவும் போட்டாள். ஆந்தைக்கு மறுபடி மூச்சு வந்தது. எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியாமல் விசும்பிவிட்டேன். ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது.

எனக்கு முதுகைக் காட்டி நின்ற நாத்தனார், திரும்பாமலே, "உஷ்" என்றாள்.