சோள வளையங்களுக்காக நான் வாதாடியது

மலேசியாவில் மக்காச்சோள மாவை வளையம் வளையமாகப் பொரித்து, காரம் தூவி, பளபளக்கும் பையில் அடைத்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 'வெளிநாட்டுச் சந்தை'. தூத்துக்குடியில் சரக்கை இறக்கிய இறக்குமதியாளர் என் தாய்மாமாவிடம் நீட்டிய தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்குப் பெருமிதம் வந்தது.

மாமா அதுவரை நூற்பாலையில் சூப்பர்வைசர். பஞ்சுத் தூசியில் இருமி இருமிச் சலித்துப்போய், கடை கடையாகச் சிற்றுண்டி விற்கலாம் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். இறக்குமதியாளரின் நிபந்தனை இதுதான்: மூன்று மாதத்துக்குள் இரண்டு ஊரிலும் சேர்த்து நாற்பது கடைகள் இரண்டாம் முறை சரக்குக் கேட்க வேண்டும். கேட்டால் ஏஜென்சி மாமாவுக்கு. கேட்காவிட்டால் வேறொருவருக்கு.

முதல் மாதம் அவர் விற்ற அழகை நான் கண்டிருக்கிறேன். கடைக்குள் நுழைவார். ஒரு பையைப் பிரிப்பார். "தின்னு பாருங்க அண்ணாச்சி" என்று நீட்டுவார். பிறகு பிடரியைச் சொறிந்துகொண்டு நிற்பார். அவ்வளவுதான். ஒரு பொருளின் பெருமையை எடுத்துரைக்க நான்கு வாக்கியம் கோக்கத் தெரியாத மனிதர் வணிகம் செய்யப் புறப்பட்டது எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று மாவட்டக் கல்லூரிகளில் பேசிக் கோப்பை வென்றவன் நான். பட்டிமன்ற மேடையில் எந்த அணியில் நிறுத்தினாலும் எதிரணியை நிலைகுலையச் செய்பவன். அப்படிப்பட்ட ஒருவனை வீட்டில் வைத்துக்கொண்டு பிடரியைச் சொறிவதா?

"மாமா, இரண்டாவது சுற்றுக்கு நான் வருகிறேன். நான் பேசுகிறேன்" என்றேன்.

"பேசுறதுக்கு என்னலே இருக்கு? தின்னா பிடிக்கும், பிடிச்சா வாங்குவாவ."

"உங்களைப் போல் எல்லாரும் இருந்தால் உலகத்தில் விளம்பரமே வேண்டாம்."

"சரி வா. படிச்ச பய சொல்லுத."

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்கு அருகே ஒரு பால்கோவாக் கடை. முதலில் வைத்த பெட்டி முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. கடைக்காரர் புதிய பையொன்றைப் பிரித்து வளையங்களை வாயில் போட்டபடி, "ரெண்டு பெட்டி எறக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் தொடங்கிவிட்டேன்.

மேடைப் பேச்சில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி ஒன்று உண்டு. எதிரணி எதைச் சொல்லப்போகிறதோ, அதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லி, நாமே அதை உடைக்க வேண்டும். அந்த விதி என் இரத்தத்தில் ஊறியிருந்தது.

"ஐயா! நீங்கள் கேட்கலாம். சோழபுரத்திலும் சுந்தரபாண்டியத்திலும் விளைகிற மக்காச்சோளம் மூட்டை மூட்டையாகக் கோழித் தீவன ஆலைக்குப் போகிறதே. கோழிக்குப் போடும் அதே சோளத்தைக் கப்பலில் வரவழைத்து மனிதன் தின்பதா என்று கேட்கலாம். கேட்பீர்கள்! ஆனால் நான் சொல்கிறேன்…"

கடைக்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"நான் எங்க தம்பி கேட்டேன்?"

பால்கோவா வாங்க நின்றிருந்த ஒரு விவசாயி பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இது மக்காச்சோளமா! நம்ம காட்டுல வெளையுத சரக்குல்லா! நான் கடல மாவுன்னுல்லா நெனைச்சேன். தீவன மில்லுக்காரன் கேட்டா சிரிப்பான், அண்ணாச்சி."

"பேசாம கொக்கொக்குன்னு கூப்புட்டே யாவாரம் பண்ணலாம் போலிருக்கே!" என்றார் கடைக்காரர். நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கூட்டம் சிரித்தால் பேச்சாளனுக்கு உற்சாகம் பிறக்கும். எதற்குச் சிரிக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. குரலை உயர்த்தி, மக்காச்சோளத்தின் தொன்மையையும் சத்தையும் அடுக்கினேன். மாமா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். கடைக்காரர் மீதிப் பையை மடித்து அவரிடமே கொடுத்து, "கொஞ்ச நாளு போகட்டும் அண்ணாச்சி, பொறவு பாப்போம்" என்றார்.

குற்றம் கடைக்காரருடைய மந்த புத்தியில் இருக்கிறது என்று முடிவு செய்தேன். இரண்டே நாளில் இன்னும் பதினொரு கடைகளில் அதே பேச்சை, சொல் மாறாமல் முழங்கினேன். மூன்றாம் நாள் ராஜபாளையத்தில், நான் ஒருமுறைகூட நுழையாத கடையொன்றின் படியேறும்போதே உள்ளிருந்து குரல் வந்தது:

"வாங்க அண்ணாச்சி! தீவனம் கொண்டாந்திருக்கியளா?"

என் மறுப்புரை தேரடியைத் தாண்டவில்லை. நான் உடைப்பதற்காக எடுத்த கேள்வி மட்டும் பேருந்தேறி எனக்கு முன்னே வந்து உட்கார்ந்திருந்தது. ஊரார் அறிவைப் பழித்துக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஊரில் ஒருவருக்குக்கூடத் தானாகத் தோன்றாத ஏளனத்தைப் பன்னிரண்டு கடைகளுக்கு இலவசமாக விநியோகித்த மூடனும் நானே.

கடையை விட்டு இறங்கியதும் மாமா வண்டியில் சாய்ந்து நின்றார்.

"ஏலே, நீ பேசுனது நல்லாத்தாம்ல இருந்துச்சு. மேடையா இருந்தா நானும் கை தட்டிருப்பேன். வாங்க வந்தவன எதுக்கு மருமவனே எதிரணியாக்குன?"

அதன் பிறகு அவர் தனியாகவே போனார். பையைப் பிரித்து நீட்டினால், "கோழிக்குப் போடுங்க" என்றார்கள். மூன்று மாதம் முடிந்தபோது நாற்பதில் பதினேழு கடைகள்தாம் தேறின. ஏஜென்சி சிவகாசிக்காரர் ஒருவருக்குப் போயிற்று. மாமா பழைய ஆலைக்கே திரும்பினார். அவரிடம் வேலை பழகிய ஒருவருக்குக் கீழே இப்போது வேலை செய்கிறார். இருமலும் திரும்பிவிட்டது.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். மீந்த பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. ஒரு பையைப் பிரித்து, பழக்கதோஷத்தில் என்னிடம் நீட்டினார். ஒரு வளையத்தை எடுத்து வாயில் போட்டேன். அதற்காக அத்தனை நாள் வாதாடிய நான், அதை முதன்முதலாகத் தின்றது அன்றுதான்.

"எப்படிலே இருக்கு?" என்றார்.

மொறுமொறுவென்று, அளவான காரத்தோடு, மிக நன்றாக இருந்தது. நான் இன்னொன்று கேட்டுக் கை நீட்டினேன்.