சுணை என்று நினைத்தோம்

அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் இருமல் இல்லாத ஆளே கிடையாது. மெஷின் வயலில் இறங்கிவிட்டால் நெல்லின் சுணை காற்றில் ஏறி, கண், மூக்கு, கழுத்து மடிப்பு என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதனால், வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்திக்கு மூச்சு இரைத்தபோது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. "சுணைதான்" என்றார் அப்பா. "புள்ள மேல ஏறி நிக்குது, மூச்சு முட்டத்தான் செய்யும்" என்றாள் அம்மா. இரண்டு காரணங்கள் கையில் இருக்கும்போது மூன்றாவதை யார் தேடப்போகிறார்கள்?

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. என்னைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த வாரம் கேலி குறைந்துபோயிற்று. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சுவரோரம் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினாள். அம்மா ஆவி பிடிக்க வைத்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள், படுத்து ஓய்வெடுக்கச் சொல்லித் திட்டவும் திட்டினாள்.

அவளைப் பார்க்கச் சித்தப்பா பட்டுக்கோட்டையிலிருந்து காரில் வந்த அன்று மத்தியானம் நிலைமை முற்றிவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமி, முந்தானையால் வாயைத் துடைத்தபோது அதில் நுரை வெளிர்ச் சிவப்பாக இருந்தது. "தஞ்சாவூருக்குப் போயிடலாம்" என்று சித்தப்பா சாவியை எடுத்தார்.

ஊரைத் தாண்டும்வரை தார்ச்சாலையின் பாதியில் எங்கள் நெல்தான் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஊர்ந்தது. அந்த நெல்லில் சக்கரத்தை ஏற்றிய பஸ் டிரைவரோடு அப்பா கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டவர். சித்தப்பாவுக்கும் அது தெரியும், பிரேக்கை மிதித்தார்.

"ஏத்துங்க தம்பி. மேலயே ஏத்துங்க" என்றார் பக்கத்தில் இருந்த அப்பா.

கார் நெல்லின் மேல் ஏறிப் போனது. பின்சீட்டில் சித்தி முன்சீட்டைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் படுக்க வைக்கப் பார்த்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். உள்ளே இதயம் தாறுமாறாக அடித்தது. நின்றுவிட்டது போலிருந்து, மறுபடி ஓடியது. எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டு, சித்தியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா? அதுக்குத் தொடர்ந்து ஊசி போட்டீங்களா?"

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அது பொய் என்று எனக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன் எங்களோடு இருந்தபோது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சித்தி ஒரத்தநாடு போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று சொல்லி, மைசூர்பாகு கொடுத்து என் வாயை அடைத்தார்கள். அதற்குப் பிறகு ஊசியும் நின்றுபோனது. நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"மறைக்காதீங்கம்மா. உள்ள ரெண்டு உசுரு இருக்கு. என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் சரியான மருந்தைக் குடுக்க முடியும்."

அம்மாவின் பிடி தளர்ந்தது. "போட்டோங்க. கல்யாணம் முடிவானதும் நிறுத்திட்டோம். மாப்பிள்ளை வீட்டுல சொல்லலை."

சித்தப்பா வராந்தாவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே ஊசிகள் ஏறின. வெளியே வந்த டாக்டர் அப்பாவிடம் பொறுமையாக விளக்கினார். "நுரையீரல்ல காத்து வாங்குன ரத்தம் இதயத்துக்குத்தான் திரும்பி வரும். அங்க அது கடக்க வேண்டிய வால்வு பழைய காய்ச்சலால சுருங்கிக் கிடக்கு. போக வழியில்லாம ரத்தம் பின்னால தேங்கி, நுரையீரல்ல நீர் கசியுது. புள்ளத்தாச்சிக்கு ரத்தம் வேற கூடுதலா ஓடும்."

"மதகு அடைச்சிக்கிட்டா மேல் வயல் முழுகுற மாதிரி."

"அதேதான். மதகை அப்புறம் தொறந்துக்கலாம். முதல்ல தண்ணியை வடிக்கணும்."

விடிந்தபோது சித்தியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கும் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சித்தி முகமூடியை விலக்கினாள். என்னைக் கேலி செய்யத்தான் போகிறாள் என்று பக்கத்தில் போனேன். அவள் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சு போச்சாக்கா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவருதானே சித்தி கார் ஓட்டிட்டு வந்தாரு" என்றேன். இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சித்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் பிழைத்துவிட்டாளே, இன்னும் எதற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.