அவருக்கு ஐந்து, எனக்கு மூன்று

எங்கள் வீட்டில் ஒரே கட்டில்தான். அதில் நானும் என் கணவரும் படுக்கிறோம். ஆனால் ஒன்றாகப் படுப்பதில்லை. நான் எழுந்துபோன பிறகு அவர் வருவார், அவர் எழுந்துபோன பிறகு நான் வருவேன். அவருக்குச் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், பூன் லே பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை, இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. எனக்கு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் காய் வெட்டும் வேலை. காலை ஆறு மணிக்கு ஆங் மோ கியோ வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் கிளம்பினால் ஒன்பதரைக்கு அவர் வந்து திறப்பார். சாயங்காலம் ஆறே காலுக்கு அவர் பூட்டிக்கொண்டு போனால் ஆறரைக்கு நான் திறப்பேன். நடுவில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை நாலு வருஷமாக எங்களால் தாண்ட முடியவில்லை. எப்போதாவது என் பஸ் முன்னதாக வந்துவிட்டால் எதிர்ப்பக்க ஸ்டாப்பில் அவர் நிற்பது தெரியும். கையைக் காட்டுவேன், அவரும் காட்டுவார். அதற்குள் அவருடைய பஸ் வந்து மறைத்துவிடும்.

பிள்ளைகள் இல்லை. திங்கட்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கும் அவர் பகலெல்லாம் தூங்குவார், நான் ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஐந்து மணிக்கு இரண்டு பேரும் டீ குடிப்போம். ஒரு வாரத்தின் குடித்தனம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அவர் ஒரு அதீத சுத்தக்காரர். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். குளியலறைத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. இந்த வீட்டில் பகல் முழுக்க ஓர் ஆள் இருந்தார் என்பதற்கு அடையாளமே இருக்காது. போர்வையை மட்டும்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூக்கத்தில் உதைத்து உதைத்து அதை ஒரு மூட்டையாக்கிவிடுவார். அவசரத்தில் மடித்து வைப்பாரே தவிர, சுருக்கம் போகாது. அதைப் பார்த்தே இன்றைக்கு நன்றாகத் தூங்கினாரா, புரண்டாரா என்று சொல்லிவிடுவேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே உதறி விரிப்பேன். ஆளில்லாத வீட்டில் திட்டுவதற்காவது ஒன்று இருந்தது.

பகலில் தூங்குகிறவர் என்பதால் திரையை இழுத்து மூடி, ஏர்கானைக் குளிர வைத்துத்தான் படுப்பார். போர்வை கீழே விழுந்துவிடும். விழுந்தது தெரியாமல் தூங்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இரவு முழுக்கக் கேட்டைத் திறந்து மூடுகிற கை அது. ஒரு திங்கட்கிழமை டீ குடிக்கும்போது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் டம்ளரை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே போனில் தேடி அந்தச் சாதனத்தை வாங்கினேன்.

அதற்குத் தமிழில் என்ன பெயரோ தெரியாது. நான் போர்வைப்பிடி என்பேன், அவர் 'அந்தக் கம்பி' என்பார். கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு தட்டையான பலகையைச் செருக வேண்டும். அதிலிருந்து ஒரு கம்பி மெத்தைக்குக் குறுக்கே வரும். போர்வையின் அடி ஓரத்தை அந்தக் கம்பியில் கவ்வவிட்டு இரண்டு பக்கமும் இருக்கும் திருகை இறுக்கிவிட்டால் போதும், எவ்வளவு உதைத்தாலும் போர்வை நழுவாது. படுப்பவரின் உயரத்துக்கு ஏற்ப அந்தக் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டிருக்கும். நான் குட்டை, எனக்கு மூன்று. அவர் நெட்டை, அவருக்கு ஐந்து. மூன்றில் அவர் படுத்தால் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே போர்வைக்குள் சேர்ந்து படுத்துச் சிரிக்கும் படம். எங்கள் வீட்டில் அந்தக் காட்சி வேண்டுமென்றால் ஒருவர் வேலையை விட்டாக வேண்டும்.

சாதனம் சொன்னபடி வேலை செய்தது. அவருக்குத் தோள்வலி குறைந்தது. போர்வையில் சுருக்கமும் போயிற்று. வீட்டுக்கு வந்தால் கட்டில் ஓட்டல் அறைக் கட்டில் போலக் கிடக்கும். ஆனால் கம்பி ஐந்தில் இருக்கும். அதைத் தளர்த்தி மூன்றுக்கு இழுக்கும்போது, சரி, மனுஷர் வந்து தூங்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று மனசுக்கு ஓர் ஆறுதல்.

அப்போதுதான் தீபாவளி சீசன் வந்தது. சமையல்கூடத்தில் ஆர்டர் குவிந்து எல்லாருக்கும் லீவை நிறுத்திவிட்டார்கள். அவர் வேலை செய்த இடத்திலும் ஓர் ஆள் நின்றுவிட்டதால், எப்போதாவது கிடைக்கிற ஓய்வு நாளும் அவருக்குக் கிடையாது. திங்கட்கிழமை டீயும் போயிற்று. சிராங்கூன் ரோடு முழுக்க அலங்கார விளக்கு, ஜோடி ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள். நான் வெங்காய வாடையோடு அவர்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். அந்த வாரங்களில் அவருடைய முகம் எனக்கு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் இரண்டு தடவைதான் கிடைத்தது.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கம்பி மூன்றில் இருந்தது. நான் காலையில் விட்டுப்போன மூன்று. மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும்.

நான் சமைத்து வைத்துப்போன சாப்பாடு மட்டும் காலியாகியிருந்தது. பாத்திரம் கழுவியிருந்தது. அப்படியானால் வருகிறார், சாப்பிடுகிறார், ஆனால் படுப்பதில்லை. பிறகு எங்கே போகிறார்? பகல் முழுக்க எங்கே இருக்கிறார்? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் தூங்குகிற நேரம் எனக்கு வேலை, நான் தூங்குகிற நேரம் அவருக்கு வேலை. அதைவிட, கேட்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் இருந்துகொண்டு "சாப்பிட்டீங்களா" என்று அனுப்புவார். "ம்" என்று பதில் போடுவேன். வேறு எதுவும் எழுதக் கை வரவில்லை.

எட்டு நாள் ஆயிற்று. தினமும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அறைக்குப் போய்க் கால்மாட்டைத்தான் பார்ப்பேன். மூன்று. என் மனசு எங்கெங்கோ போயிற்று. வேறு ஒரு வீடு இருக்குமோ? இந்த அறுபத்து மூன்று வயதில் அவருக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது என்று நானே சிரித்துக்கொள்வேன். பிறகு சிரிப்பு நின்றுவிடும். இன்னொரு வேலைக்குப் போகிறாரோ? ஏதாவது நோய் வந்து என்னிடம் மறைக்கிறாரோ? எல்லாவற்றையும்விட ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் படுத்து எழுந்த இடத்தில் படுக்க அவருக்குப் பிடிக்கவில்லையோ? ஆளைத்தான் பார்க்க முடியவில்லை, அவர் படுத்த இடமாவது எனக்கு மிஞ்சியிருந்தது. அதுவும் போய்விட்டதென்றால் இந்த வீட்டில் நான் தனியாள் என்றுதானே அர்த்தம்?

சமையல்கூடத்தில் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிக்கிற பெண்ணிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நீங்க சும்மா யோசிச்சு யோசிச்சு பைத்தியம் ஆயிடுவீங்க லா. ஒரு நாள் அர்ஜன்ட் லீவு போட்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்க. இருந்தா இருக்காரு, இல்லன்னா இல்ல."

"இந்த சீசன்ல லீவா? சூப்பர்வைசர் கொன்னுடுவாங்க."

"தலைவலின்னு சொல்லுங்க. நான் உங்க காயையும் சேத்து வெட்டிடறேன்."

பத்து மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த நேரத்து பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ஆங் மோ கியோவில் இறங்கி, லிஃப்டில் ஏறி, எங்கள் மாடிக்கு வந்தேன். வாசலில் அவருடைய சப்பாத்து. சாக்ஸை உள்ளே சுருட்டி, இரண்டையும் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்.

கேட்டையும் கதவையும் சத்தம் வராமல் திறந்தேன். அறை இருட்டாக இருந்தது. ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துவரை போர்வை மூடிக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். காலை நன்றாக நீட்டியிருந்தார். கம்பி ஐந்தில் இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் பரவாயில்லை, ஆள் இருக்கிறார். அழுகை வந்தது, அவர் எழுந்துவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன். அவருடைய தலைமுடி நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட இன்னும் வெளுத்திருந்தது. எட்டு நாளாக இந்த மனுஷரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. வெளியே போய்விட்டு வழக்கமான நேரத்துக்கு வரலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. உடை மாற்றாமல், கையில் வெங்காய வாடையோடு, கட்டிலின் ஓரத்தில் மெல்லப் படுத்தேன். அவருடைய மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் வந்து போனது. இப்படிப் படுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

ஐந்து நிமிஷம்கூட இருக்காது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடுத்த நொடி துள்ளி எழுந்தார்.

"ஐயையோ! மணி என்ன? ஏன் நீ எழுப்பல?"

இருட்டில் தடவி யூனிஃபார்ம் பேன்டை எடுத்து ஒரு காலை நுழைத்துவிட்டார். மற்றக் கால் நுழையாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த நாலு வருஷத்தில், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற நாளில் அவர் கண்விழிக்கும்போது நான் பக்கத்தில் இருந்ததே இல்லை. நான் இருக்கிறேன் என்றால் ஆறரை தாண்டிவிட்டது, அவர் வேலைக்கு லேட். என் முகத்துக்கு அவரிடம் அவ்வளவுதான் அர்த்தம்.

"மணி பதினொன்னுதான். காலைல பதினொன்னு. படுங்க."

பேன்டும் கையுமாக அப்படியே நின்றார். "அப்ப நீ ஏன் வந்த?"

உங்களைக் காணவில்லையோ என்று பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"தலைவலி. அனுப்பிட்டாங்க."

"அடடா." புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். "சூடு இல்லம்மா. மாத்திரை போட்டியா?" பேன்டை மடித்து வைத்துவிட்டுக் கால்மாட்டுக்குப் போனார். இரண்டு திருகையும் தளர்த்திக் கம்பியை இழுத்து, எண்ணைப் பார்க்காமலே மூன்றில் நிறுத்தி இறுக்கினார்.

"அத ஏன் மாத்துறீங்க?"

"உனக்கு மூணுதானே? டெய்லி போறப்ப மாத்தி வெச்சிட்டுதானே போறேன். திருகி திருகி கட்டைவிரல் போச்சுன்னு வாய்ஸ் மெசேஜ்ல அன்னைக்கு அந்தக் கத்து கத்துனியே."

ஏதோ ஒரு நாள் களைப்பில் கத்தியிருப்பேன். அது எனக்கு ஞாபகமே இல்லை. அவர் தட்டையும் தரையையும் துடைப்பதுபோலத் தாம் படுத்த அளவையும் எனக்காகத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்த வெறும் மூன்றைப் பார்த்து எட்டு நாள் வெந்திருக்கிறேன்.

அவர் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீ நல்லா படுத்துத் தூங்கு. நான் பக்கத்துல இருந்தா பொரண்டு பொரண்டு உன்ன எழுப்பிடுவேன். ஹால்ல படுத்துக்கறேன்."

போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அன்றைக்கும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். சொன்னால் இருப்பார், இருந்தால் தூங்க மாட்டார். "சரி" என்றேன். கதவை முக்கால் சாத்திவிட்டுப் போனார்.

அவர் படுத்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அங்கே நகர்ந்து படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து குறட்டை கேட்டது. முன்பு அதற்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்! இப்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நின்றுவிடுமோ என்று காத்துக்கொண்டு கேட்டேன். நாலரைக்கு அலாரம் அடித்தது. அவர் கால்விரலில் நடந்துவந்து பேன்டை எடுக்கும் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழித்திருப்பது தெரிந்தால், நான் தூங்காமல் போனேனே என்று வேலை முழுக்கக் கவலைப்படுவார். போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டார். நான் தூங்குகிறவளைப் போல மூச்சு விட்டேன். ஆறே காலுக்குக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போனார்.